செபநாயகம் என்ற பெயரில் நான் ஓடிய கறண்ட் சைக்கிள்

கடற்கரை வீதி,
வல்வெட்டித்துறை.
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் மதிப்புக்கும் பயத்துக்கும் என்றும் உரிய மீனாம்பிகை அக்காவுக்கு,

தம்பி நமசிவாயம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கமலாவதியும் பிள்ளை நிவேதனாவும் அம்மன் புண்ணியத்தில் நலமாக இருக்கிறோம். என் இடது முழங்காலில் மட்டும் ஒரு சிறு உரசல். அதன் காரணம் கீழே வரும். ரொறன்ரோவில் பனி குறைந்து, அத்தானின் தோள்மூட்டு நோவும் குறைந்து, நீங்கள் இந்தக் கடிதத்தை உட்கார்ந்தபடி வாசிக்கும் நிலையில் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தயவுசெய்து உட்கார்ந்தபடியே வாசியுங்கள்.

வட்ஸ்அப் இருக்கிற காலத்தில் இவன் ஏன் கடதாசியும் பேனையும் எடுத்தான் என்று நீங்கள் கேட்பீர்கள். போனில் நான் "அக்கா, அது வந்து" என்று தொடங்கினால், "விளங்குது, ஓம் எண்டு சொல்லுறாய்" என்று நீங்களே முடித்துவிடுகிறீர்கள். நான் சொல்ல வந்தது பெரும்பாலும் இல்லை என்பதாகத்தான் இருக்கும். கடிதத்தில் நீங்கள் குறுக்கே கதைக்க முடியாது. அருட்செல்வன் மாஸ்ரர் புதன்கிழமை மகனிடம் கனடா வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் பிள்ளைக்கு மாப்பிள்ளையாக நீங்கள் பார்த்து அனுப்பிய மிசிசாகாப் பெடியனைப் பற்றியது. படம் பார்த்தோம், நல்ல லட்சணம். சாதகமும் பொருந்துகிறது என்று சாத்திரியார் சொன்னார். இந்தக் கிழமைக்குள் பதில் வேண்டும் என்று நீங்கள் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. நான் ஓம் என்று சொல்லத்தான் இருந்தேன். அப்போதுதான் கமலாவதி தேங்காய் துருவிக்கொண்டே, "பிள்ளை உந்தக் கலியாணத்துக்கு ஓம்படுவாளோ தெரியேல்லை" என்றாள். ஏன் என்று கேட்டேன். "அவள் அந்தக் கறண்ட் சைக்கிள் பெடியனைப் பற்றித்தான் எந்த நேரமும் கதைக்கிறாள். தாய்க்குத் தெரியாதே" என்றாள். எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது, உலகத்தில் கறண்ட் சைக்கிள் என்று ஒரு சாமானும், அதற்கு ஒரு பெடியனும் இருப்பது.

பெடியனின் பெயர் றூபன். அச்சுவேலிப் பக்கம், மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பம். விவசாயம் படித்துவிட்டு, அரச வேலைக்குப் போகாமல், பற்றறியில் ஓடுகிற சைக்கிள்கள் சிலவற்றை இறக்குமதி செய்து, வெளிநாட்டாரையும் கொழும்பாரையும் கடற்கரையோரத் தோட்டங்களுக்கூடாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறானாம். நடுவழியில் ஓரிடத்தில், பனஞ்சாராயத்தில் பழங்களை ஊறப்போட்டுச் செய்த இனிப்பு மதுவையும் ருசி பார்க்கக் கொடுக்கிறார்களாம். பழைய ஒழுங்கைகளின் வரைபடம் தேடித் திருநெல்வேலியில் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தவனுக்கு, அங்கே வேலை செய்கிற எங்கள் பிள்ளை வரைபடம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வரைபடம் கிடைத்த பிறகும் வந்துகொண்டே இருக்கிறானாம்.

அக்கா, சமயம் வேறு, ஊர் வேறு, தொழில் சைக்கிளும் சாராயமும். நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? கப்பலில் எஞ்சின் அறையில் ஒரு குழாய் ஒழுகினால், நான் மேலே நின்று கத்துகிறவன் அல்ல, கீழே இறங்கிப் போகிறவன். நேரே போய், "தம்பி, நீர் நல்ல பிள்ளையாய் இருக்கலாம், ஆனா இது எங்களுக்குச் சரிவராது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வருவது என்று முடிவெடுத்தேன். சனிக்கிழமை காலமை, வழக்கம்போலக் கோயில் பரிபாலன சபைக் கூட்டத்துக்குப் போகிறேன் என்று கமலாவதியிடம் சொல்லிவிட்டு, வெள்ளைச் சேட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினேன். சொல்லவேண்டிய வசனத்தைத் தொண்டைமானாறு தாண்டும் வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அச்சுவேலியில் இறங்கும்போது அது பிழையில்லாமல் வந்தது.

அந்த வீட்டுக் கேற்றடியில் ஒரு மனுசி நின்றார். அறுபதைத் தாண்டியிருக்கும். பருத்திச் சேலை, காலில் ஓட்டச் சப்பாத்து, கழுத்தில் ஒரு விசில். என்னைக் கண்டதும், "நீங்கள் சிங்கப்பூரிலை இருந்து வாறவர்தானே? எல்லாரும் உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கினம்" என்றார். நான் உண்மையைத்தான் சொன்னேன். "சிங்கப்பூரிலை இருந்தனான்தான், ஆனால்" என்றேன். கப்பல் கொம்பனி என்னை அங்கே எத்தனை வருசம் வைத்திருந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த "ஆனால்" வாய்க்கு வெளியே வருமுன்னர் என் தலையில் ஒரு மஞ்சள் ஹெல்மற் ஏறிவிட்டது. தாடைக்குக் கீழே அதைப் பூட்டியபடி, "மிஸ்டர் செபநாயகம், நேரம் பிந்தினாலும் வந்திட்டியள், அது போதும். பேசாமல் வரிசைக்கு வாங்கோ" என்றார். அவர்தான் றூபனின் தாய், சீலா ரீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இளைப்பாறியவர். ஒரு சைக்கிளுக்கு ஏதோ பழுதென்று சாமான் வாங்க றூபன் விடியவே யாழ்ப்பாண ரவுணுக்குப் போய்விட்டானாம், அதனால் அன்றைக்கு மட்டும் தாய்தான் வழிகாட்டி. நான் செபநாயகம் அல்ல என்று சொல்ல மறுபடி வாயைத் திறந்தேன். "கதை பேச்சு எல்லாம் இடைவேளையிலை" என்றார். அக்கா, எனக்கு ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. வரிசையில் போய் நின்றேன்.

வரிசையில் ஒரு பிரெஞ்சுத் தம்பதியும், கொழும்பிலிருந்து வந்த இரண்டு பெண் டாக்குத்தர்மாரும் நின்றார்கள். ரீச்சர் சைக்கிளின் கைப்பிடியில் இருக்கும் பொத்தான்களை விளங்கப்படுத்தினார். நான் கேட்கவில்லை. முப்பது வருசம் கப்பல் எஞ்சின் பார்த்தவனுக்குச் சைக்கிளைப் பற்றி ஒரு ரீச்சர் சொல்லித் தரவேண்டுமா? விசில் ஊதியதும், எங்கள் பழைய சைக்கிளை மிதிக்கிற மாதிரி ஒரு ஊன்று ஊன்றி மிதித்தேன். பொத்தான் கடைசி இலக்கத்தில் இருந்திருக்கிறது. அந்தச் சைக்கிள், நான் ஒரு மிதி மிதித்தால் தான் பத்து மிதி மிதிக்கிற சாதி. பிரெஞ்சுக்காரரைத் தாண்டி, ரீச்சரைத் தாண்டி, வளலாய்ப் பக்கம் திரும்புகிற முடக்கில் நான் மட்டும் திரும்பாமல் நேரே ஒரு வெங்காயத் தோட்டத்துக்குள் போய், வாய்க்காலுக்குக் குறுக்கே விழுந்தேன். முழங்கால் விஷயம் இதுதான். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்த தோட்டக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்து, "ஐயா, உழவு முடிஞ்சுது, நடுகையும் முடிஞ்சுது. இனி நீங்கள் உழத் தேவையில்லை" என்றார். ரீச்சர் வந்து என்னைத் தூக்கிவிட்டு, முழங்காலுக்கு மருந்து போட்டு, மற்றவர்களுக்குக் கேட்கும்படியாக, "விளங்காட்டில் கை உயர்த்திக் கேக்கலாம். அதிலை வெக்கம் ஒண்டுமில்லை" என்றார். பிறகு பொத்தானை ஒன்றாம் இலக்கத்துக்குக் குறைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அவருக்குப் பக்கத்திலேயே ஓடவேண்டும் என்று கட்டளை.

அதற்குப் பிறகு, அக்கா, ஒரு உண்மையைச் சொல்கிறேன். நன்றாக இருந்தது. காலில் பாரம் இல்லை, மூச்சு வாங்கவில்லை. ஒரு பக்கம் புகையிலை தோளளவுக்கு நிற்கிறது, மறுபக்கம் மரவள்ளி. ஆமி விட்டுப்போன காணிகளில் புதுக் கிணறும் புது வேலியும் போட்டு, வெறும் பற்றையாகக் கிடந்த இடமெல்லாம் பச்சை பிடித்திருக்கிறது. பனைகளுக்கு இடையால் கடல் தெரிந்து தெரிந்து மறைகிறது. என் வாழ்நாளில் பாதியைக் கடலிலிருந்து கரையைப் பார்த்துக் கழித்தவன் நான். தோட்டத்துக்குள் நின்று கடலைப் பார்த்தது மிகக் குறைவு. சொல்லவேண்டிய வசனம் எந்த முடக்கில் விழுந்து போனதோ தெரியவில்லை.

வளலாய்க் கடற்கரையில், ஓலை வேய்ந்த ஒரு கொட்டிலில் ருசி பார்க்கும் இடம். அரசாங்க அனுமதிப்பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. மேசையில் வெள்ளைத் துணி விரித்து நெல்லி, முந்திரிகைப்பழம், இஞ்சி என்று மூன்று போத்தல், சின்னச் சின்னக் கிளாஸ். வழிகாட்டாத நாட்களிலும் இங்கே ஊற்றிக் கொடுப்பது ரீச்சர்தானாம், ஆனால் சாராயம் என்ற சொல் அவர் வாயில் வராது. ஊறல் என்றுதான் சொல்வார். தொடங்குமுன் எல்லோரையும் எழுப்பி நிறுத்தி, "மிஸ்டர் செபநாயகம், நீங்கள் ஒரு சின்ன ஜெபம் செய்யுங்கோ" என்றார். பெயரைப் பார்த்து என்னை வேதக்காரன் என்று நினைத்துவிட்டார். நான் என்ன செய்வேன்? எங்கள் கப்பல் கப்டன் கோவாக்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக்கு முன் ஏதோ சொல்வார். அதை நினைத்துக்கொண்டு கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்த வெய்யிலிலை இதைக் குடிக்கப் போற எங்களை வீடு மட்டும் பத்திரமாய்க் கொண்டுபோய்ச் சேரும்" என்றேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரரும் சொன்னார். "சுருக்கமான ஜெபம். எங்கடை போதகர் இதைக் கேக்கவேணும்" என்றார் ரீச்சர்.

நான் இளைப்பாறிய அன்று சந்நிதி முருகன் கோயிலில் வைத்து இனிக் குடிக்கமாட்டேன் என்று உங்களுக்குச் சொன்னது மறக்கவில்லை. ஆனால் நெல்லி உடம்புக்கு நல்லது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். நெல்லி நன்றாக இருந்தது. முந்திரிகை அதைவிட நன்று. மூன்றாவதாக இஞ்சியைக் குடித்துவிட்டு மற்ற நாலு பேரும் தலையை ஆட்டிப் புகழ்ந்தார்கள். ரீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "நான் ஒரு துளி வாயிலை வைச்சதில்லை. எங்கடை அப்பா மதுவிலக்குச் சங்கத்துக்குத் தலைவர். நான் பழமும் சீனியும் அளவு பாத்துப் போடுறன், ருசியை உங்கடை முகத்திலைதான் பாக்கிறனான்" என்றார். "அப்ப என்ரை முகத்தைப் பாருங்கோ ரீச்சர். இஞ்சி சரியில்லை. மண்ணெண்ணெய்க்குச் சீனி போட்ட மாதிரி இருக்கு" என்றேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். "இவ்வளவு நாளும் எல்லாரும் நல்லாயிருக்கு நல்லாயிருக்கு எண்டு பொய் சொல்லிப்போட்டுப் போட்டினம். நீங்கள் ஒருத்தர்தான் மனுசர்" என்றார்.

அந்த நல்லெண்ணத்தில்தான் கதை வளர்ந்தது. மற்றவர்கள் கடலுக்குள் கால் நனைக்கப் போனார்கள். ரீச்சர் எனக்கு வறுத்த கச்சான் கடலையை நகர்த்தி வைத்துவிட்டு, "உங்களை மாதிரி நேரை கதைக்கிற ஆளிட்டை ஒரு யோசனை கேக்கவேணும்" என்று தொடங்கினார். "எனக்கு ஒரே பிள்ளை. வல்வெட்டித்துறைப் பெட்டை ஒண்டிலை அவனுக்கு விருப்பம். வாய் திறந்து சொல்லேல்லை, ஆனா முகத்திலை எழுதிக் கிடக்கு. பெட்டையைக் கண்டனான், தங்கம். தகப்பன்தான் ஒரு மாதிரி."

"ஒரு மாதிரி எண்டால்?" என்றேன்.

"கப்பல்காரனாம். வீட்டிலை சாப்பாட்டுக்கு மணி அடிக்கிறவராம். ஒவ்வொரு சுவிச்சுக்கும் பேர் எழுதி ஒட்டியிருக்கிறாராம். மழை இருட்டினால் பெண்சாதியையும் பிள்ளையையும் கூப்பிட்டு யன்னல் பூட்டப் பயிற்சி குடுக்கிறவராம். பிள்ளை வேலையாலை வரப் பிந்தினால் மொட்டைமாடியிலை தொலைநோக்கியோடை நிப்பாராம்."

அக்கா, தொலைநோக்கி ஒரே ஒரு முறைதான்.

"நான் முடிவெடுத்திட்டன்" என்றார் ரீச்சர். "வாற கிழமை நேரை போய், ‘ஐயா, உங்கடை மகள் நல்ல பிள்ளைதான், ஆனா இது எங்களுக்குச் சரிவராது' எண்டு மரியாதையாய்ச் சொல்லிப்போட்டு வரப்போறன்."

என் வசனம். நான் பஸ்ஸில் மனப்பாடம் செய்த வசனத்தை ஆளை மட்டும் மாற்றி அந்த மனுசி எனக்கே சொல்கிறார். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. இஞ்சியும் கொஞ்சம் காரணமாக இருக்கலாம். வேண்டாம் என்று சொல்ல நான் போனால், எங்கள் பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல இவர் யார்? "ஏன் சரிவராது? அந்தப் பிள்ளைக்கு என்ன குறை? அப்பிடி ஒரு பிள்ளை உங்கடை பெடியனுக்கு எங்கை கிடைக்கும்?" என்று கேட்டேன். "பிள்ளைக்குக் குறை சொல்லேல்லையே. தகப்பனைத்தான் சொல்லுறன்" என்றார். "தகப்பன் ஏன் மணி அடிக்கிறார் எண்டு யோசிச்சனீங்களோ ரீச்சர்?" என்றேன். பிறகு நான் யாரோ ஒரு மனிதனைப் பற்றிச் சொல்வதுபோல என்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கப்பல்காரன் லீவில் வரும்போதெல்லாம் பிள்ளை வேறொரு உயரத்தில் நிற்கும். ஒருமுறை கேற்றைத் திறந்த பிள்ளை, "அம்மா, ஆரோ வந்திருக்கினம்" என்று உள்ளே கூப்பிட்டது. அப்படிப்பட்டவன் கடைசியில் வீட்டோடு வந்து இருக்கிறபோது, மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரு மேசையில் இருந்து சாப்பிடுவதைப் பார்க்க ஆசைப்படுகிறான். அதை எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியாது. மணி அடிக்கத்தான் தெரியும்.

ரீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு அந்தாளைத் தெரியுமே?" என்று கேட்டார். "கொஞ்சம் தெரியும்" என்றேன்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு, "உண்மையைச் சொன்னால் பிழை அந்தாளிலை இல்லை" என்றார். "என்ரை மனுசன் கண்ணை மூடின பிறகு சேர்ச்சிலை நானும் மகனும்தான் ஒரே நீட்டு வாங்கிலை இருக்கிறனாங்கள். உவன் சைவப் பெட்டையைக் கட்டி அந்தப் பக்கம் போயிட்டால், ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பக்கத்திலை ஆர் இருப்பினம்?"

"அந்தக் கப்பல்காரன் ஞாயிற்றுக்கிழமையிலை சும்மாதான் இருக்கிறவர். அவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றேன். ரீச்சர் சிரித்தார். சிரித்து முடிய, கண்ணைத் துடைத்துக்கொண்டு விசிலை எடுத்தார். "சரி. போய் அந்த மனுசனோடை ஒருக்கால் கதைச்சுத்தான் பாப்பம்" என்றார். எனக்கும் மனம் ஆறிவிட்டது. பெயரைத் திருத்தலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் விசில் ஊதிவிட்டது.

அடுத்தது எங்கே என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. தொண்டைமானாற்றுப் பாலத்தைக் கடந்தபோதுதான் எனக்கு வழி விளங்கியது. "ரீச்சர், இது வல்வெட்டித்துறைக்கெல்லே போகுது?" என்றேன். "ஓம். அங்கை ஒரு வீட்டிலை தேத்தண்ணி. மகன் ஒழுங்கு பண்ணினது, போனிலை வழி போட்டுத் தந்திருக்கிறான். அந்த அம்மா பயத்தம் பணியாரம் நல்லாச் செய்வாவாம். மனுசன் சனிக்கிழமையளிலை கோயில் கூட்டத்துக்குப் போறபடியால் கரைச்சல் இல்லையாம்" என்றார்.

அக்கா, நான் எஞ்சின் அறையில் தீப்பிடித்தும் பார்த்தவன். அப்போதுகூட நான் இப்படி ஒளிய இடம் தேடவில்லை. ஹெல்மற்றைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு கடற்கரை வீதியால் வந்தேன். வாசிகசாலை வாசலில் இருந்தவர்கள் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்கள். அருட்செல்வன் மாஸ்ரர் எழுந்தே நின்று, "நமசிவாயண்ணை, உது என்ன கோலம்?" என்று கூப்பிட்டார். "ஆர் நமசிவாயம்?" என்று ரீச்சர் திரும்பிக் கேட்டார். நானும் பின்னால் திரும்பி, ஆர் அந்த நமசிவாயம் என்று தேடிப் பார்த்தேன். மாஸ்ரர் இதை உங்களுக்கு வேறு மாதிரிச் சொல்லுவார், நம்ப வேண்டாம்.

சைக்கிள்கள் ஒவ்வொன்றாக எங்கள் வீட்டு முற்றத்துக்குள் வந்து நின்றன. விறாந்தையில் புது மேசைத்துணி, நான் வாழ்நாளில் காணாத கோப்பைகள். கமலாவதி தட்டத்தில் பணியாரத்தோடு சிரித்துக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டாள். உங்கள் மச்சாளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தட்டம் ஆடவில்லை. சிரிப்பும் மாறவில்லை. பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்து, டாக்குத்தர்மாருக்குக் கொடுத்து, கடைசியாக என்னிடம் வந்து, "உங்களுக்குச் சீனி இல்லாமல்தானே?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். இந்த மாதிரி எத்தனை சனிக்கிழமையாக நடக்கிறது என்று கேட்க நினைத்தேன். அந்த இடத்தில் கேள்வி கேட்கும் தகுதி எனக்கு இருக்கவில்லை.

அப்போது நிவேதனா தேத்தண்ணிக் கேத்திலோடு வெளியே வந்தாள். "அப்பா, உங்கடை தலையிலை என்ன?" என்றாள்.

ரீச்சர் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளையை அவருக்கு முன்னமே தெரியும். பிறகு என்னைப் பார்த்தார். கோப்பையை மெல்ல மேசையில் வைத்தார். "செபநாயகம் எண்டு பொய் சொன்னீங்கள்" என்றார்.

"நான் சொல்லேல்லை ரீச்சர். நீங்கள் சொன்னனீங்கள். நான் திருத்த வெளிக்கிட்ட நேரமெல்லாம் நீங்கள் விசில் ஊதினனீங்கள்."

"நான் கடற்கரையிலை சொன்னதிலை ஒரு சொல்லையும் திருப்பி எடுக்க மாட்டன்."

"எடுக்க வேண்டாம். எல்லாம் உண்மைதான்" என்றேன். ஹெல்மற்றைக் கழற்றப் பார்த்தேன், பூட்டு இறுகிவிட்டது. அந்த மனுசியே எழும்பி வந்து கழற்றிவிட்டார். கழற்றிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "சேர்ச் வாங்கிலை வந்து இருக்கிற விஷயம் சொன்னது பகிடிக்கோ, உண்மையோ?" என்று கேட்டார். "உண்மைதான் ரீச்சர். ஆனா எனக்குப் பாட்டு வராது" என்றேன். "எங்கடையளிலை அரைவாசிப் பேருக்கு வராது" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சுகமான கதை. ரீச்சரும் கமலாவதியும் குசினிக்குள் போய் வெகுநேரம் கதைத்தார்கள். கல்யாணம் கோயிலிலா சேர்ச்சிலா என்று நான் யன்னலால் கேட்டேன். "ரெண்டிலையும். சாப்பாடு மட்டும் ஒருக்கால்" என்று கமலாவதி உள்ளேயிருந்து தீர்ப்புச் சொன்னாள். றூபன் ஓட்டோவில் வந்து இறங்கினான். அவனுக்குப் பக்கத்தில், காலமையிலிருந்து பிழையான சந்தியில் நின்று வெய்யில் குடித்த உண்மையான செபநாயகம், சிங்கப்பூர்க் கோபத்தோடு இருந்தார். அவருக்கு மிச்சப் பணியாரம் முழுவதையும் கொடுத்து, முந்திரிகை ஊறலையும் ஊற்றிக் கொடுத்து ஆற்றினோம். கடைசியில் அவரும் நானும் துறைமுகத்துப் பழைய சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தோம். பெடியன் என்னைக் கண்டு, "அங்கிள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தான். வடிவான பெடியன். ஆவணியில் நல்ல நாள் இருக்கிறது, கல்யாணத்தை வைக்கலாம் என்று ரீச்சர் எல்லோருக்கும் முன்னால் சொன்னபோது அவனுக்கு இருமல் வந்துவிட்டது. பிள்ளை கேத்திலை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் வரவே இல்லை. அந்தக் காலத்து அடக்கம் இன்னும் இருக்கிறது என்று நானும் ரீச்சரும் சந்தோஷப்பட்டோம்.

ஆகவே, அக்கா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். மிசிசாகாப் பெடியன் வீட்டாருக்கு நல்ல முறையில் இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஆவணிக்கு நீங்களும் அத்தானும் வரவேண்டும். உங்களுக்கு ஒன்றாம் இலக்கத்தில் ஓடுகிற சைக்கிள் ஒன்றைப் பிடித்து வைக்கிறேன். நான் நீண்ட காலத்துக்குப் பிறகு நேற்று நல்ல நித்திரை கொண்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். நீங்கள் இருவரும் நோய் நொடி அணுகாமல், எங்களைத் திட்டும் பலத்தோடு நீடூழி வாழ அம்மனும், புதிதாகச் சேர்ந்த ஆண்டவரும் துணை நிற்க.

இங்ஙனம்,
உங்கள் தம்பி,
க. நமசிவாயம்

பி.கு.: மேலே உள்ளதை முடித்துவிட்டு, எழுத்துப்பிழை பார்க்க நிவேதனாவிடம் கொடுத்தேன். முழுவதையும் வாசித்தாள். "அப்பா, கலியாணம் எண்டு நாங்கள் ஆருக்குச் சொன்னம்?" என்று கேட்டாள். "றூபன் என்னட்டை இன்னும் ஒண்டும் கேக்கேல்லை. கேக்கப் போறார், கேக்கப் போறார் எண்டு நானும் வரைபடம் எடுத்துக் குடுத்துக்கொண்டு இருக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் எங்களுக்காகக் கேட்டு, நீங்களே பதிலும் சொல்லி, நாளும் வைச்சுப்போட்டியள்" என்றாள். கோபமா சிரிப்பா என்று விளங்கவில்லை. அவன் கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டேன். அதை அவருக்குத்தான் சொல்லுவன் என்றுவிட்டாள். ரீச்சருக்குப் போன் எடுத்தேன், அவர் வீட்டிலும் இதே கதைதானாம். ஆகவே, அக்கா, மிசிசாகாவுக்கு இல்லை என்று சொல்ல வேண்டாம். ஓம் என்றும் சொல்ல வேண்டாம். ஆவணிக்கு ரிக்கற் எடுக்கவும் வேண்டாம், எடுக்காமல் விடவும் வேண்டாம்.

மச்சாள், நான் கமலாவதி. இவர் இன்னும் எழுதினால் மாஸ்ரரின் பெட்டி கொள்ளாது என்று பேனையை வாங்கிவிட்டேன். அந்தப் பெடியன் இப்போது கேற்றடியில் வந்து நிற்கிறான், தனிய. சைக்கிளில் வரவில்லை, நடந்து வந்திருக்கிறான். போட்டிருக்கிற சேட்டை இரண்டு தரம் இழுத்து விட்டுக்கொண்டான், இன்னும் கூப்பிடவில்லை. இவர் எழும்பிப் போய்க் கேற்றைத் திறக்கப் பார்த்தார். இருக்கச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை முகம் கழுவப் போயிருக்கிறாள்.